சந்தனப் பொட்டு வைத்த சிப்

என் லேப்டாப்பின் வைஃபை கார்டு செத்துப்போனது. புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். கறுப்புத் திரையில் ஒரே வரி: அனுமதிக்கப்படாத கார்டு, கழற்றவும். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் கேட் செக்யூரிட்டி இப்படித்தான் பேசுவார். ஆனால் அவர் நிற்பது முதலாளியின் வாசலில். இது நான் காசு கொடுத்து வாங்கிய பொருள். என் வீட்டுக்குள் எனக்கே காவல் போட்டிருக்கிறான் எவனோ.

அந்தக் காவலாளி குடியிருப்பது பயாஸில். பட்டனை அழுத்தியதும் முதலில் விழிக்கும் நிரல் அது. மதர்போர்டில் எட்டுக் கால் கொண்ட சிப்பில் இருக்கிறது. அதை அழித்துவிட்டு, யாரும் திறந்து படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் நிரலை ஏற்றலாம். சொதப்பினால் போர்டே போய்விடும். கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதிப் பிழைக்கும் எனக்கு வேறு லேப்டாப் கிடையாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேஜையில் அதைப் பிரித்துப் போட்டேன். பூஜையன்று மிக்ஸி, ஸ்கூட்டர் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த மனைவி, “இதுக்கும் வைக்கவா?” என்றாள்.

“வை, அதுக்காவது புத்தி வரட்டும்.”

எங்கே வைத்தாள் என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை, மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண்ணிடம், பிளஸ் டூவில் அவளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பை இரவல் வாங்கி, அதிலிருந்து வரும் ஒயரின் கிளிப்பைச் சிப்பில் கவ்வவிட்டேன். முதல் கால் எது என்பதை மூலையில் ஒரு புள்ளி காட்டும். மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது. “சிப் இல்லை” என்றது திரை. ஐந்தாம் தடவை, தயாரித்த கம்பெனியின் பரம்பரையையே இழுத்தேன்.

“இன்னாங்க, அதுகிட்ட போய் கத்திகினு? அதுக்கு காது கீதா?” என்றாள் மனைவி.

சத்தம் கேட்டு மாடிப் பெண் இறங்கி வந்தாள். சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் பழுது பார்ப்பவள். சிப்பில் விரல் வைத்தாள்.

“அண்ணாச்சி, சுடுதுல்லா! கழத்துங்க மொதல்ல.” நகத்தால் சுரண்டினாள். “இது சந்தனம்லா! புள்ளி எதிர் மூலையில கெடக்கு. எங்க லைன்ல இப்படி மாட்டுனா நிக்க வச்சு ஏசுவாவ.”

சிப் பிழைத்ததா என்று தெரியவில்லை. ஆறியதும் மாடிப் பெண் கிளிப்பைத் திருப்பி வைத்தாள். திரையில் சிப்பின் பெயர் வந்தது. நான் உடனே புது நிரலை ஏற்றப் பாய்ந்தேன்.

“உள்ள இருக்குற பழைய புரோகிராம ரெண்டு தடவ காப்பி எடுத்து வச்சு, ஒண்ணா இருக்கானு பாருங்க. எங்க கம்பெனி சுவத்துல ‘இருமுறை சரிபார்க்கவும்’னு ஒட்டிருக்கே, நீங்க எழுதுனதுதான?”

நான்தான். இரண்டு முறை பார்த்தோம். பிறகுதான் ஏற்றினோம். லேப்டாப் விழித்தது, கார்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனைவி சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, இந்த முறை லேப்டாப் மூடியின் வெளிப்பக்கம் பொட்டு வைத்தாள்.

கோபம் மட்டும் தீரவில்லை. அனுமதிக்கப்படாத அந்தக் கார்டு வழியாக முதலில் போனது, லேப்டாப் கம்பெனிக்கு நான் எழுதிய நான்கு பக்கப் புகார். பதில் வந்தது: நிரலை மாற்றியதால் என் வாரண்டி ரத்தாம். அது முடிந்து ஏழு வருஷமாகிறது.