அம்மா சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட சுறா

கப்பலோடு வந்தது என்றார்கள். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு எல்லாமே கப்பலோடுதான் வரும்: ரங்கூன் அரிசி, பம்பாய் வெங்காயம், அப்பாவின் வேலை. முதல் யுத்தம் முடியும் தறுவாயில் அந்தக் காய்ச்சலும் வந்தது. அரிசி குறைந்தது, காய்ச்சல் குறையவில்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பாவை, இருமுகிறார் என்று அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். பார்க்கப் போக விடவில்லை. அவர் பாதியாய் மெலிந்து திரும்பி வந்தது பிந்திய கதை.

வீட்டில் அம்மா, நான், தம்பி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத தங்கச்சி. அம்மாவுக்கும் காய்ச்சல் காய்ந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, தெமட்டகொடையிலிருந்து ஓடி வந்தார். வந்த கையோடு கதவு நிலையில் வேப்பங்கொத்து கட்டினார். கழுத்தில் ஜெபமாலை, கையில் வேப்பிலை. எங்கள் தெருவில் அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. என்ன காய்ச்சலென்று தெரியாதவர்கள், அம்மைக்குச் செய்வதைச் செய்தார்கள்.

வேப்பிலை ஏறிய வீட்டில் மீன் ஆகாது. தாளிக்கக் கூடாது. நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வாசலில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அப்பக்காரி கொத்தைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் மாறினாள். பாண் ரொட்டி விற்பவரும் மாறினார். அப்பாவின் சம்பளம் அலுமாரிக்குள் கிடந்தது. வாங்கத்தான் ஒன்றும் வாசலுக்கு வரவில்லை. நானும் தம்பியும் மரவள்ளிக் கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றோம். அம்மாவுக்கு மல்லித் தண்ணீரும், அரிசி எங்கே என்று தேடவேண்டிய கஞ்சியும்.

தங்கச்சி முதலில் கோபமாக அழுதாள். பிறகு கெஞ்சுவதுபோல. பிறகு அழ வாயைத் திறந்து, சத்தம் வராமலே மூடிக்கொண்டாள். சீனித் தண்ணீரில் துணி நனைத்து மாமி அவள் உதட்டில் வைப்பார். அவள் துணியை உறிஞ்சுவாள், ஏமாந்து முகத்தைத் திருப்புவாள். நான் பக்கத்திலேயே குந்தியிருந்து அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று பயம்.

"மச்சாள், பால் இல்லை," என்றார் அம்மா மாமியிடம்.

"காய்ச்சல் இறங்கட்டும் பிள்ளை. எல்லாம் ஊறும்."

"ஊறுறதுக்கு உள்ளுக்கு என்ன கிடக்கு? மல்லித் தண்ணியோ?"

"கதைக்காதே. கதைச்சால் இருமல் கூடும்."

மாமி கெட்டவர் அல்ல. அவருடைய மூத்த மகனை அம்மை கொண்டுபோனது. அந்த வீட்டில் மீன் பொரித்ததால்தான் பிள்ளை போனதென்று அவர் நம்பினார். பொரித்தவர் அவரேதான். அம்மாவுக்கும் அது தெரியும்; அதனால்தான் அவ்வளவு நாளும் பொறுத்திருந்தார்.

அன்று காலை மட்டக்குளி மீன்காரியின் குரல் கேட்டது. அம்மா பாயிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்தார், கதவைப் பிடித்தார், வேப்பங்கொத்தைப் பிடித்தார். பிடித்ததை விடாமல் உடம்பின் பாரத்தோடு தொங்கி இழுத்தார். நூல் அறுந்தது. மாமி குசினி அடுப்பை விட்டு வருவதற்குள் அம்மா வாசலில் நின்றார்.

"அக்கா, பால்சுறா கிடக்கோ?"

மீன்காரி ஏற்கெனவே மறுபக்கம் போயிருந்தாள். "வேப்பிலை கட்டின வீட்டில நான் கூடை இறக்கிறதில்லை, தங்கச்சி."

"இப்ப கட்டி இல்லை."

"அப்ப கையில கிடக்கிறது என்ன, முருங்கைக் கீரையோ?"

அம்மா கொத்தைக் கீழே போட்டார். "பச்சைப்பிள்ளைக்குப் பால் இல்லையக்கா. சுறா திண்டால் ஊறும்."

மீன்காரி தெருவைக் கடந்து வந்து கூடையை இறக்கினாள். "எங்கட பக்கமும் வீட்டுக்கு வீடு இதுதான். இலை கட்டுறதெண்டால் கடலுக்குத்தான் கட்டவேணும்."

"என்ர கையால அதைத் தொடமாட்டன்," என்றார் மாமி. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வெளிப்படியில் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தெமட்டகொடைக்குப் போகவும் இல்லை.

அம்மா படுத்தபடி சொல்லச் சொல்ல நான் சமைத்தேன். சுறாவை அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, உள்ளிப்பூண்டும் மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தேன். கிழங்கை மட்டுமே கண்ட வீட்டில் அந்த வாசனை நிறைந்தது. தம்பி தட்டோடு வந்தான். நானும் என் தட்டை எடுத்தேன்.

"தட்டுகளை வையுங்கோ. இது உங்களுக்கு இல்லை."

அம்மாவின் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் சட்டியை மடியில் வைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு வாய்க்கும் அவர் முதுகு அசைந்தது. தம்பியின் வாய் திறந்து மூடியது. அம்மா இருமினார், மென்றார், விழுங்கினார். ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை. அன்று அவரை வெறுத்தேன். பிறகு நானும் பிள்ளைகள் பெற்றேன். அந்த முதுகைத் திருப்ப அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

மறுநாளும் மீன்காரி வந்தாள். அதற்கடுத்த நாளும். காய்ச்சல் ஏறுமோ என்று அம்மாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு காலை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, தங்கச்சி வீறிட்டாள். தெருவுக்கே கேட்கும் கத்தல். அம்மா அவளைத் தூக்கி மார்பில் வைத்ததும் கத்தல் பாதியில் அறுந்தது. அவள் மடமடவென்று விழுங்குவது எனக்குக் கேட்டது.

வெளிப்படியில் ஜெபமாலை உருள்வது நின்றது. மாமி திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"உள்ளியைக் கொண்டா, உரிச்சுத் தாறன். மீனைத் தொடமாட்டன்."