அக்கா பேசக் கற்ற ஆங்கிலம்

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இன்று திதிக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் அவரை மருத்துவச்சியம்மா என்பீர்கள். ஜலகண்டாபுரத்துத் தறிக்காரத் தெருவினர் இங்கிலீசுக்காரம்மா என்பீர்கள். முதலில் கேலியாக வைத்த பெயர் அது. பின்னாளில் அதே தெரு அதே பெயரை மரியாதையோடு சொன்னது. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை உடன்பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஜலகண்டாபுரம். அப்பாவுக்குச் சொந்தத் தறி இருந்தது. பெண் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அக்கா தமிழைத் தடங்கலின்றி வாசிக்கப் பழகியிருந்தார். ராசிபுரத்தில் மணம் முடித்தார்கள். அப்போது மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. நூல் வேலை சரியாக இல்லாததால் மாமா அங்கே மேஸ்திரியிடம் கூலிக்குச் சேர்ந்தார். அக்காவும் மாமியாரும் உடன் போனார்கள். மலைக்காய்ச்சல் என்ற மலேரியா வீட்டுக்கு வீடு புகுந்த காலம் அது.

தலைப்பிள்ளை பெண். ஒரு வயது நிரம்பவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் அக்கா வேலையாட்களுக்கான ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மொழிபெயர்த்துச் சொல்லும் கம்பவுண்டர் அன்று ஊரில் இல்லை. வெள்ளைக்கார டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்த்து ஏதேதோ கேட்டார். தெரிந்த தமிழில் "காய்ச்சல்? காய்ச்சல்?" என்றார். அக்கா தலையாட்டினார். அடுத்துக் கேட்டதற்கும் தலையாட்டினார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்பதையும், முதல் நாளிலிருந்து சிறுநீர் பிரியவில்லை என்பதையும் சொல்ல அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது. மறுநாள் விடியுமுன் குழந்தை போய்விட்டது.

"சொல்லியிருந்தாலும் பொழச்சிருக்குமோ என்னமோ, தெரியல சாமி. ஆனா சொல்லாமப் போனது என்னோட வாய்தானே" என்று அக்கா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அக்கா அந்த ஆஸ்பத்திரிக்கே மீண்டும் போனார். அங்கே ஒரு நர்ஸம்மா புதிதாக வந்திருந்தார். சட்டைக்காரி என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியப் பெண், தமிழ் சரியாக வராது. நோயாளிப் பெண்கள் சொல்வது விளங்காமல் அவரும் திண்டாடிக்கொண்டிருந்தார். அக்கா ஜாடையிலும் பேச்சிலுமாகக் கேட்டார்:

"நான் உங்களுக்குத் தமிழ் சொல்லித் தாரேனுங்க. நீங்க எனக்கு இங்கிலீசு சொல்லித் தாரீங்களா? எல்லாம் வேண்டாம். ஒடம்புக்கு வேணுங்கற வார்த்தை மட்டும் போதுங்க."

இருவருக்கும் ஒரே வயது இருக்கும். நர்ஸம்மாவின் குடியிருப்பில் மாலை நேரங்களில் பாடம் நடந்தது. தலையிலிருந்து தொடங்கினார்கள். ஹெட், நெக், செஸ்ட், ஸ்டமக். பிறகு நோய்கள், அவற்றின் குணங்கள். அவர் "கஃப்" என்றால் அக்கா இருமிக் காட்டுவார். அக்கா "வாந்தி" என்றால் அவர் வயிற்றைப் பிடித்துக் குனிவார். பார்ப்பவர்களுக்கு நாடகம் போல இருக்கும்.

பேஷன்ட் என்ற சொல்லுக்கு நோயாளி என்றும் பொருள், பொறுமையானவர் என்றும் பொருள் என்று அறிந்த நாளில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாராம். "நோவு வந்தவங்களுக்குப் பொறுமையும் வேணும்னு வெள்ளைக்காரன் ஒரே வார்த்தையா வெச்சுட்டான் பாருங்க!"

மாமியாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பொம்பளைக்கு என்னத்துக்கு இங்கிலீசு? தொரைகிட்டப் பேசப் போறயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க அத்தை. அடுத்த தடவை அவரு கேட்டா, நான் பேசோணும்."

அதற்குமேல் மாமியார் தடுக்கவில்லை. பேத்தியை மடியில் வைத்து வளர்த்தவர் அவர்.

நோய்ச் சொற்கள் முடிந்ததும், உடம்பையும் மனத்தையும் நன்றாக வைத்துக்கொள்வதற்கான சொற்களை நர்ஸம்மா தொடங்கினார். அக்கா எதையும் வெறுமனே நெட்டுருப் போடவில்லை. செய்து பார்த்துத்தான் படித்தார். பாயில் என்ற சொல் வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் கொதிக்க வைக்காத தண்ணீரை யாரும் குடித்ததில்லை. எக்சர்சைஸ் படித்தபோது விடியற்காலையில் ஆற்றங்கரை வரை வேகமாக நடந்து வந்தார். டெம்பர் என்ற சொல் வந்த அன்று மாமியார் எதற்கோ சத்தம் போட, "இன்னிக்கு நான் கோவப்படாம இருக்கறதைப் படிக்கறேனுங்க அத்தை. நாளைக்குச் சண்டை போட்டுக்கலாம்" என்றாராம். மாமியாரே சிரித்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகளில் அந்த ஆஸ்பத்திரியில் பெண்களுக்காகப் பேசும் ஆளாக அக்கா ஆனார். மருத்துவச்சிப் பயிற்சிக்கு மனுப் போடும்படி நர்ஸம்மாதான் தூண்டினார். சேலத்தில் நேர்முகம். மாமா கூடவே போய் வாசலில் காத்திருந்தார். உள்ளே ஒரு லேடி டாக்டர், எங்கே படித்தாய், தகப்பனார் என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கற்றது உடம்பின் ஆங்கிலம் மட்டும்தானே! உனக்கு ஆங்கிலம் தெரியாதா என்று தமிழில் கேட்டு, லேடி டாக்டர் மனுவை மூடப் போனார். அப்போது அக்கா வாய் திறந்தார்.

"பேபி. ஃபீவர். லூஸ் மோஷன். நோ யூரின். டாக்டர் ஆஸ்க். மதர் நோ டாக். பேபி டெட்."

டாக்டர் கேட்டார், தாய் பேசவில்லை, குழந்தை இறந்தது. இலக்கணம் ஏதும் இல்லாத அந்தச் சொற்களைக் கேட்டு லேடி டாக்டர் மனுவை மீண்டும் பிரித்தாராம். பிறகு அக்காவின் ஆங்கிலத்திலேயே திரும்பக் கேட்டார்: "நௌ மதர் டாக்?"

"நௌ மதர் டாக்" என்றார் அக்கா.

இடம் கிடைத்தது. மாமா அன்று சேலத்துக் கடைவீதியில் மிக்சர் பொட்டலம் வாங்கி, மேட்டூர் பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கொடுத்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசப்படும் செய்தி.

பயிற்சி முடிந்து ஜலகண்டாபுரத்திலும், பின்னர் ஆத்தூர்ப் பக்கமும் அக்கா வேலை பார்த்தார். யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது, பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் தாங்கியவர் அவரே. வெயிலோ மழையோ, கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. பிரசவம் பார்க்கப் போன இடமெல்லாம் தாய்மாரிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "டாக்டரு கேட்டாச் சும்மா தலையாட்டாத கண்ணு. எங்க வலிக்குது, எப்ப இருந்து வலிக்குது, தமிழ்லயே சொல்லு. புரியலைன்னா புரியலைன்னு சொல்லு." தெருப் பெண்களை உட்கார வைத்து ஆங்கிலச் சொற்களும் கற்றுக் கொடுத்தார். இங்கிலீசுக்காரம்மா என்று சிரித்த தெரு, தன் வீட்டுப் பெண்கள் டாக்டரிடம் வாய் திறந்து பேசுவதைப் பார்த்த பிறகு அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்லத் தொடங்கியது. இரண்டாவதாகப் பிறந்த மகள் இன்று சேலத்தில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் கட்டி கண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கட்டிலருகே நின்று, உடனிருந்த இளைய டாக்டரிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். நானும் மாமாவும் ஒன்றும் புரியாமல் நின்றோம். அக்கா கண்ணைத் திறந்து, "டாக்டர், ஐ அண்டர்ஸ்டாண்ட். டெல் மீ" என்றார்.

டாக்டர் திடுக்கிட்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அது முடிந்ததும் அக்கா எங்களைப் பார்த்து, "இனி வைத்தியம் இல்லீங்களாம். ஊட்டுக்குப் போலாம் வாங்க" என்றார். வீட்டில் எங்கள் எல்லாரோடும் பேசித் தீர்த்து, வைகாசி மாதத்து ஒரு காலையில் மகளின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

அக்காவைப் பச்சைக் குழந்தை போல ஏமாற்றாமல், எதிரில் உட்கார்ந்து உண்மை பேசிய அந்த டாக்டருக்கு எங்கள் முதல் நன்றி. கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அண்டை வீட்டார்க்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். இறுதி ஊர்வலத்தன்று, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ நடந்து வந்த தாய்மார்களே, உங்களில் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. வாசலில் நின்று, "இவன் உங்க கையில பொறந்தவனுங்க, பாத்துக்குங்க" என்று அக்காவிடம் உரக்கச் சொன்னீர்கள். உங்கள் குரல் தெருமுனை வரை கேட்டது.