புளியங்கொட்டையும் என் ஐந்தாவது பிரசவமும்

எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஆத்தா மாரியின் பிள்ளைகளே, அந்த நாட்களுக்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நாலு பெண்களைப் பெற்று, ஐந்தாவதை வயிற்றில் சுமந்துகொண்டு, சின்னமனூர் வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தேன். ஜெர்மன்காரன் சண்டைக் காலம். விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காது. எனக்கோ தூக்கம் கிடையாது. இந்தத் தடவையும் பெண் பிறந்தால், கோம்பையிலிருக்கும் தன் அண்ணன் மகளை மகனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைப்பேன் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. கேட்டால், “இந்தத் தடவ பையன்தான், பயப்படாத,” என்பார்.

ஊரே அதைத்தான் சொன்னது. நாலும் பெண் என்றால் அடுத்தது ஆண்தானே வரவேண்டும்? அதற்காகவே நாலாவது மகளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்திருந்தோம். அப்படி வைத்தால் பெண் வரிசை நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிவரும்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஈரச்சேலையோடு ஆத்தா சன்னதியைச் சுற்றினேன். பையனைக் கொடு, பையனைக் கொடு. பிறகு அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒருநாள் கொடிமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “ஆத்தா, என்னால முடியல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு நீயே புத்தியச் சொல்லு,” என்றேன். அழக்கூடத் தெம்பில்லை.

அந்த வாரமே மதுரையில் கல்லூரிப் படிப்பு படிக்கும் என் தம்பி, பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றான். புள்ளியியல் பாடத்தில் ஒரு கணக்காம். காசைச் சுண்டி நாலு தடவையும் தலையே விழுந்தால், ஐந்தாவது தடவை பூ விழ எவ்வளவு வாய்ப்பு? அநேகமாகப் பூதான் விழும் என்று இவன் எழுதியிருக்கிறான்.

“பாதிதான்னு சொல்றாக வாத்தியாரு. முன்ன எது விழுந்தாலும் அடுத்ததுக்குப் பாதிதானாம். எனக்கு இன்னும் மண்டையில ஏறலக்கா.”

“நீ எழுதுனதுதான் சரி மாப்ள. நான் போட்டுக் காட்டுறேன் பாரு,” என்றார் என் வீட்டுக்காரர்.

பிள்ளைகள் தாயம் ஆட ஒரு பக்கம் உரைத்து வெள்ளையாக்கி வைத்திருந்த புளியங்கொட்டைகளில் ஒன்றை எடுத்துப் போட ஆரம்பித்தார். தொடர்ந்து நாலு வெள்ளை விழும்போதெல்லாம், அடுத்து விழுவது வெள்ளையா கறுப்பா என்று தம்பி சுவரில் கரிக்கோடு போட்டான். ஐப்பசி அடைமழை, வயல் வேலை இல்லை. பொழுது சாயும்வரை போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். கறுப்புக்கு எவ்வளவு கோடோ, ஏறக்குறைய அவ்வளவு வெள்ளைக்கும் இருந்தது.

“நாலு வெள்ளைக்குப் பெறகும் வெள்ளை விழுகுதே!” என்றார் அவர்.

“ஏலே, முன்ன என்ன விழுந்துச்சுன்னு கொட்டைக்கு என்னடா தெரியும்?” என்று மாமியார் உரலடியிலிருந்து திட்டினார். “வேலவெட்டி இல்லாத பயலுக.”

என் வீட்டுக்காரர் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் வயிற்றையே பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அடுத்தது பையன்தான் என்று இத்தனை மாதம் பிடித்திருந்த பிடி விட்டுப்போயிற்று.

மாசியில் பெற்றேன். பெண். மருத்துவச்சி சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

“கோம்பைக்கு வண்டியப் பூட்டுலே,” என்று வெளியே மாமியார் குரல் கேட்டது.

“பூட்டுறேன் ஆத்தா. நானே போயி மாமன்கிட்ட பொண்ணு வேணாம்னு சொல்லிட்டு வாரேன். கொட்டைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீதான சொன்ன? இவ வயித்துக்கு மட்டும் எப்படித் தெரியும்? கோம்பைக்காரி வந்தாலும் பாதிக்குப் பாதிதான்,” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அழுதேன். அன்றைக்கு அழத் தெம்பு வந்துவிட்டது.

பேர் வைக்கும் நாளில் அவரே கைப்பிள்ளையின் காதில் மாரித்தாய் என்று சொன்னார். பிறகு போதும்பொண்ணைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, அவள் காதிலும் மூன்று முறை சொன்னார்: “செல்லத்தாயி.” பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

என் அலுப்பு முழுதும் போகவில்லை. ஐந்து பிள்ளைகள், மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் படுத்தால் தூங்குகிறேன். கேட்டதை ஆத்தா கொடுக்கவில்லை. கேட்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்தபோது வந்தாள். உங்களுக்கும் முடியவில்லை என்றால், முடியவில்லை என்றே அவளிடம் சொல்லுங்கள். வருவாள்.

பழைய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் செல்லத்தாயி இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.