தொட்டியில் முளைத்த வெள்ளைக் காளான்

ராணுவ முகாம்களை ஒட்டிய லோத்குண்டாவில் நாங்கள் குடியிருந்த வீட்டு பால்கனியில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, ஒருநாள் காலையில் அதன் மண்ணில் மூன்று காளான்கள் முளைத்திருந்தன. விரல் உயரம், மாவு தூவியது போன்ற வெள்ளைக் குடை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்போது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. மனைவி ஊரின் மறுகோடியில் இருந்த மாதாப்பூர் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை.

ஒரு போன் பேசிவிட்டு வந்து பார்த்தால் இரண்டுதான் நின்றன. மூன்றாவதில் வெறும் தண்டு. மகளின் உதட்டோரத்தில் வெள்ளைத் தூள்.

"பாப்பா, காளானைத் தின்னுட்டியா?"

"ஹவ்."

"இல்ல, தூக்கிப் போட்டியா?"

"ஹவ்."

'ஆமாம்' என்று அர்த்தம்; எதைக் கேட்டாலும் அவளுக்கு அந்த ஒரு பதில்தான். உருது கலந்து தமிழ் பேசும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து பிடித்துக்கொண்டது. பதற்றத்தில் அவள் வாய்க்குள் விரலை விட்டேன். அலறினாள். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார்.

"கைக்கு, எதுக்கு இப்படிப் பண்றீங்க? வாந்தி எடுக்க வைக்கறதெல்லாம் நக்கோ, வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நானும் வரேன்."

மிச்சமிருந்த காளான்களை டப்பாவில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். மகள் வழியில் ராணுவ லாரிக்கெல்லாம் கையாட்டினாள். கையாட்டுவதை நிறுத்தினால் உடனே அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். போனில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டாள்: "குழந்தையைப் பார்க்காம எங்க பார்த்துட்டு இருந்தீங்க?" ஆஸ்பத்திரி பேரை மட்டும் சொன்னேன்.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தே இன்ன காளான் என்று சொல்ல முடியாது, சாயங்காலம்வரை குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்றார். மகள் கட்டிலில் குதித்தாள். நான் நடந்துகொண்டே இருந்தேன். அவள் தன் வயிற்றில் கை வைத்தபோது, "வலிக்குதா?" என்றேன்.

"ஹவ்!"

நர்ஸைக் கூட்டி வந்தேன். வயிற்றை அமுக்கியதும் மகள் கூச்சத்தில் சிரித்தாள்.

"நீங்க கேக்கறதை நிறுத்துங்க முதல்ல," என்றார் அக்கா.

மதியம் மனைவி வந்து சேர்ந்தாள். உதட்டில் தூள் இருந்ததைச் சொன்னேன். "கிளம்பும்போது பால் பவுடர் ஒரு ஸ்பூன் கேட்டு அழுதா, குடுத்தேன்," என்றாள். அதைக் கேட்டு மூச்சு வந்தது. ஆனால் காளான் குடை எங்கே?

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சோபாவுக்கு அடியில், பொம்மைக் கூடையில், செருப்புகளுக்குள் எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. மகள் ரசஞ்சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாளும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி செடியைப் பிடுங்கி, மண்ணோடு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். தின்றாளா இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க, அவள் தும்மினால்கூட வேலையை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.