மாதப்பண்ணனின் ஆயுதக் கிடங்கு

அத்திப்பள்ளியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டு வாசல்வரை வந்தார் கண்டக்டர். "டீச்சரம்மா, ஓசூரு மிலிட்டரி தவறிட்டாருங்க." ஊருக்கு அவர் மிலிட்டரி, எனக்கு மாதப்பண்ணன்.

கல்யாணத்துக்கு முன் ஓசூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவர் வைத்திருந்த டீக்கடையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். சீத்தாப்பழம் அவருக்குக் கையெறிகுண்டு. முறுக்கு அச்சு பீரங்கி. அடுப்பூதும் குழல் ஒற்றைக்குழல் துப்பாக்கி. நான் குடையை மடக்கிக் கையில் பிடித்து வந்தால் போதும், "ரைஃபிள அப்படியா தூக்குவாங்க? தோள்ல மாட்டு டீச்சர்!" என்று அதட்டுவார். பட்டாளத்தில் அவர் சமையல்காரர். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கேலி செய்தால், "தொட்டவனுக்கு ஆசை விட்டுப்போயிடும். எனக்கு விடலையே!" என்பார்.

எனக்கு வாய் அதிகம் என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக அத்திப்பள்ளி வரனைக் கொண்டுவந்தவர் அவர்தான். பெண் பார்க்க வந்த அன்று அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு ஒருநாள் துப்பாக்கிய எடுக்காதே" என்று கெஞ்சினார். இவரும் தலையாட்டினார். தட்டில் முறுக்கு வந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை, மகராசன்.

மாப்பிள்ளையின் அம்மா கன்னடம் கலந்து கேட்டார்: "பொண்ணு ஜாஸ்தி மாத்தாடுவாளாமே?"

இதுவும் போச்சு என்று நினைத்தேன். மாதப்பண்ணன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்கம்மா, மெஷின் கன்னுதான். பொய் சொல்லமாட்டேன். ஆனா வெடிக்காத துப்பாக்கி வெறும் கட்டைங்க. அடுப்புக்குத்தான் ஆவும்" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த கணவரையும் மகனையும் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்ல ரெண்டுமே கட்டை. ஒண்ணாவது வெடிக்கட்டும்" என்று சிரித்துவிட்டார். அடுத்த மாதமே கல்யாணம்.

செய்தி கேட்டு ஓசூருக்குப் போனேன். கூடம் நிறைய ஆட்கள், ஒருவரும் பேசவில்லை. அண்ணி என் கையைப் பிடித்து, "நீயாச்சும் பேசு கண்ணு, அவருக்கு இப்படி இருந்தாப் புடிக்காது" என்றார். முறுக்குத் தட்டின் முன்னால் அவர் பட்ட பாட்டைச் சொன்னேன். அண்ணி அழுகைக்கு நடுவே சிரித்தார், கூடமே சிரித்தது.

குடையை இப்போதும் தோளில்தான் மாட்டுகிறேன், அண்ணா. வாயையும் மூடுவதாக இல்லை.