பிளக்கைக் கழற்றிக் கொடுத்தவர்

போன மாதம் ஒரு செவ்வாயன்று அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. தாராவிப் பட்டறையிலிருந்து வெல்டர் முருகேசன் பேசினார். "அண்ணாச்சி போய்ட்டாவ சார். காலைல நெஞ்சு வலின்னாவ, ஆஸ்பத்திரி போற வழிலயே முடிஞ்சு போச்சு." பால்வண்ணன் அண்ணாச்சிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஃபைலை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

பட்டறை முதலாளியான அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய மோட்டார் சைக்கிளையும் தெரியும். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் ஒரு வண்டி கைக்கு வருகிற காலம் இது. அப்படிப்பட்ட வண்டிக்கு அவர் ஒரு பூட்டுகூட வாங்கவில்லை. மாட்டுங்காவில் என் ஓட்டை சைக்கிளுக்கே இரண்டு பூட்டு போடுகிற எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். வண்டியை நிறுத்தியதும் எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. அதுவரை சரிதான். ஆனால் சூடு ஆறாத அந்தப் பிளக்கைத் துணியில் சுற்றி, பக்கத்தில் இருக்கும் டீக்கடைக்காரரிடமோ பஞ்சர் ஒட்டுகிறவரிடமோ, "பாய், யே ஜரா ரக்கோ", இதைக் கொஞ்சம் வைத்துக்கொள் என்று நீட்டிவிடுவார்.

"முன்பின் தெரியாதவன் கையில ஏன் குடுக்கறேள்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பூட்டு போட்டா அவனுக்கு நம்ம வண்டி மேல என்ன அக்கறை சார்? கைல ஒண்ணக் குடுத்துப் பாருங்க, வச்ச கண்ண எடுக்க மாட்டான்."

அதையும் சோதித்துப் பார்த்தேன். ஒருநாள் அவர் சாப்பிடப் போனபோது நான் போகாமல் மறைவில் நின்று கவனித்தேன். பஞ்சர்க்காரர் தன் வேலையை விட்டுவிட்டு, வண்டி சீட்டில் ஏறப் பார்த்த ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கம் ஒருமுறை என் தலையில் விடிந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூனாவில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. ராகு காலத்துக்கு முன்னால், நாலரைக்குள் போய்ச் சேர வேண்டும். புகைப்படத்திலேயே எனக்குப் பெண்ணைப் பிடித்துப் போயிருந்தது. அண்ணாச்சி வண்டியில் கிளம்பி, வழியில் மலை ஏறியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அண்ணாச்சி பிளக்கோடு, மாற்றுப் பிளக் இருந்த டூல் பையையும் கடைக்காரரிடம் ஒப்படைத்தார். சற்றுத் தள்ளியிருந்த ஊற்றில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் வண்டி மட்டும் நின்றது, கடை சாத்தியிருந்தது.

"பாத்தேளா! ஒரு நாளைக்கு வண்டியையே ஓட்டிண்டு போயிடப் போறான்!" என்று கத்தினேன். ஆத்திரத்தில் இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

"வருவான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கல்லில் உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் கழித்துக் கடைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மாஃப் கரோ சேட், பச்சே கோ புகார்" என்றார். குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல். தூக்கிக்கொண்டு ஓடியவருக்குப் பை தோளில் இருந்ததே பிறகுதான் தெரிந்திருக்கிறது. அண்ணாச்சி பையை வாங்குமுன் குழந்தையைத்தான் விசாரித்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அந்தச் சம்பந்தம் வாசலோடு முடிந்தது. நான்கு மாதம் நான் அவரோடு பேசவில்லை. விவரம் போதாத மனிதர் என்று முடிவு கட்டியிருந்தேன்.

காரியங்கள் முடிந்தபின் செம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்லம்மாள் அக்காவிடம், நெடுநாளாக உறுத்திய கேள்வியைக் கேட்டேன். "ஒரு தடவைகூட யாரும் அவரை ஏமாத்தினதில்லையா?"

"நீங்க பழகுறதுக்கு முன்னாடி, மொத வண்டியே அப்படித்தான் போச்சு தம்பி. நாசிக்ல பிளக்க வாங்கி வச்சவனே வண்டியக் கெளப்பிட்டுப் போய்ட்டான். வித்துட்டேன்னு ஊர்பூரா சொல்லிட்டாவ."

"அதுக்கப்புறமுமா குடுத்தார்?"

"நானும் சண்ட போட்டேன். 'ஒருத்தன் எடுத்துட்டுப் போனதுக்கு, மத்தவனையெல்லாம் எதுக்குச் சந்தேகப்படணும்?'னாவ."

அப்படியானால் அன்று மலையில், நான் கத்திக்கொண்டிருந்தபோது, என்ன நடக்கலாம் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் துணிச்சல் எனக்கு வராது. சைக்கிளுக்கு இன்றும் இரண்டு பூட்டுத்தான். ஆனால் பூட்டிய பிறகு, பக்கத்தில் நிற்பவரின் பெயரைக் கேட்கிறேன்.