இடது கையால் எழுதிய கடிதம்

இன்பமணி டீச்சரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தூத்துக்குடியில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வரவேற்பு மடல் எழுதவேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவள் இடது கையால் எழுதினாள்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷம், நாசரேத்தில். அவளுக்கு இருபது வயது. சாத்தான்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பெண் நிறம் மட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே மாதத்தில் அதே மாப்பிள்ளைக்குத் தேவகனியைப் பேசி முடித்தார்கள். தேவகனி அவளோடு டீச்சர் டிரெயினிங் படித்தவள், உயிர்த் தோழி. நடந்தது எதுவும் தெரியாமல், சந்தோஷச் செய்தியை முதலில் இன்பமணியிடம்தான் ஓடிவந்து சொன்னாள்.

அன்று மத்தியானம் இன்பமணி கதவைச் சாத்திக்கொண்டு, கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினாள். பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு உண்டு, வீட்டில் மறைக்கிறார்கள் என்று மூன்றே வரி. அப்பட்டமான பொய்.

கல்யாணம் நின்றது. அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. அதன்பிறகு தேவகனியைக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் தெருமுனையோடு திரும்பிப் போனார்கள். இன்பமணிக்கோ மறு வருஷமே நல்ல இடம் அமைந்தது. கணவர் எபனேசருக்குக் கப்பல் கம்பெனியில் வேலை, இரண்டு பெண்பிள்ளைகள். குறை என்று ஒன்றுமில்லை. ஆலயத்தில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது மட்டும் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். பித்தவாயு என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

எழுபத்துமூன்றில் தேவகனி மாற்றலாகி அதே பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். முப்பத்துநாலு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "ஏளா இன்பமணி! ஒன்னைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். இன்பமணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒருநாள் காலை ஜெபத்தின்போது ஆறாம் வகுப்பு இசக்கியம்மாள் வலிப்பு வந்து மணலில் விழுந்தாள். பிள்ளைகள் அலறினார்கள். யாரோ இரும்புச் சாவியைக் கொண்டு ஓடிவந்தார்கள். தேவகனிதான் எல்லாரையும் விலக்கி, பிள்ளையை ஒருபக்கமாகச் சாய்த்து, தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்து, வாய் நுரையைத் துடைத்தாள்.

பிறகு கை கழுவும்போது அவள் சொன்னாள்: "எனக்கும் இந்த நோவுன்னு எவனோ எழுதிப் போட்டான்லா. அன்னையிலயிருந்து இந்தப் பிள்ளையளைக் கண்டா எனக்கு ஒரு பாசம்."

இன்பமணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எவனும் இல்ல தேவகனி. எழுதினது நான்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தேவகனி அதை மூடினாள். இன்பமணி பக்கம் திரும்பினாள்.

"எங்க சித்தப்பாதான் எழுதினாருன்னு எங்க ஐயா நெனச்சாரு. கூடப்பொறந்த தம்பிகிட்ட சாகுறமட்டும் பேசல. எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? சித்தப்பாட்ட போயிச் சொல்லு."

அன்று சாயங்காலமே இன்பமணி கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எபனேசர் திட்டவில்லை. "நானும் வாரேன்" என்றார். சனிக்கிழமை இருவரும் ஆழ்வார்திருநகரி வழியாகப் போகும் பஸ்ஸில் நாசரேத்துக்குப் போனார்கள்.

சித்தப்பா பொன்னுதுரை ஓய்வுபெற்ற தபால்காரர். அவள் சொல்லி முடிக்கும்வரை தலை குனிந்து கேட்டார். "எங்க அண்ணன் மூச்சு இழுத்துக்கிட்டு கெடந்தப்பகூட என்னை உள்ள விடலம்மா" என்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இன்பமணி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அவர், "எந்திரி. நானும் ஆண்டவர்ட்ட மன்னிப்பு வாங்கித் தின்னு வளந்தவன்தான். ஒனக்கு இல்லைன்னு எப்படிச் சொல்ல?" என்று அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

தேவகனிக்கு அத்தனை லேசில் முடியவில்லை. இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்பமணியும் நச்சரிக்கவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், தேவகனி தன் தூக்குவாளியோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுப் படுக்கேன். காலையில எந்திரிச்சா கோவமும் கூடவே எந்திரிக்கி. அதனால தெனமும் ஒரு தடவை மன்னிக்கேன். இன்னைக்கும் மன்னிச்சாச்சு. அந்தத் தொவையலை இங்கன தள்ளு."

இன்பமணி துவையலை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

எழுபத்தைந்தில் சாகுபுரத்திலிருந்து அற்புதமணி என்ற அம்மாள் இன்பமணியின் வீடு தேடி வந்தார். தம்பி அருமைநாயகம் அங்கே தொழிற்சாலையில் பிட்டர், மனைவியை இழந்தவர். அவருக்குத் தேவகனியைப் பார்த்திருக்கிறார்கள்.

"பொண்ணுக்கு ஏதோ வலிப்புன்னு ஒரு பேச்சு காதுல விழுந்திச்சு. பொண்ணுகிட்டயே கேட்டேன். இன்பமணி டீச்சர்ட்ட விசாரிங்க, அவ சொன்னாச் சரியா இருக்கும்னுட்டா."

தேவகனி தன் நல்ல பெயரையே இவள் கையில் ஒப்படைத்திருக்கிறாள் என்பது இன்பமணிக்குப் புரிந்தது. நோய் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

"அவளுக்கு ஒரு நோவும் கெடையாதும்மா. பொறாமையில அந்தப் பொய்யை எழுதினவ நான்தான்" என்றாள்.

அற்புதமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது தெரிஞ்சுதான் ஒங்ககிட்ட அனுப்பினாளா?"

"தெரிஞ்சுதான்."

"அப்படின்னா எங்க வீட்டுக்கு அவதான் வேணும்" என்று எழுந்துவிட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தகப்பன் இடத்தில் நின்று பொன்னுதுரைதான் பெண்ணைக் கைப்பிடித்து ஆலயத்துக்குள் அழைத்து வந்தார். தேவகனி சாகுபுரம் போய்ச் சேர்ந்தாள். தாயில்லாத இரண்டு பிள்ளைகள் ஒரே வாரத்தில் அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டன.

அந்த வருஷம் நாசரேத்தில் ஆலயப் பண்டிகைக்கு அசனம் வைத்தார்கள். ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சபைச் சாப்பாடு. விஷயம் தெரிந்துபோன தன் பழைய தெருக்காரர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு இன்பமணி பந்தல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். சோற்று வாளியோடு வந்த பொன்னுதுரை அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏளா, அங்கன என்ன நிக்கே? எல போட்டிருக்கு, வந்து உக்காரு!"

இன்பமணி போய் உட்கார்ந்தாள். 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, சுடச்சுட விழுந்த சோற்றைப் பிசைந்தாள்.